சாமான் கிடந்த இடமெல்லாம் கோளாறு

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே, அழகியமண்டபம் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கினோம். கருங்கல் அஸ்திவாரம், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், ஆஞ்சிலித் தடியில் (இங்கே தடி என்றால் மரம்) உத்திரமும், கூரைச் சரிவைத் தாங்குகிற கழுக்கோலும், மேலே மங்களூர் ஓடு. அடுக்களையை ஒட்டிப் பின்னால் ஒரு சாய்ப்பு (சாய்வாக இறக்கிய கொட்டகை), அதற்கப்பால் கிணறு. விற்றவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா கடைசிவரை தனியாக இருந்த வீடு. "உள்ள கெடக்கத எடுக்க எங்களுக்கு நேரமில்ல, நீங்களே என்னவும் செய்யுங்க" என்று சாவியைத் தந்துவிட்டார்கள். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் அதற்காகத்தான்.

ஒரு டெம்போவைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு வெள்ளையடித்துக் குடியேறச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். நான் சம்மதிக்கவில்லை. பழைய பொருள் மேல் பாசம் எல்லாம் ஒன்றுமில்லை. ஒரு வயதான அம்மா வருஷக்கணக்கில் தனியாகச் சமாளித்த வீட்டில் எந்தச் சாமானும் சும்மா ஓரிடத்தில் கிடக்காது. ஆள் கிடைக்காத இடத்தில் சாமானை வைத்துத்தான் கோளாறை அடக்கியிருப்பார். ஒழுகுகிற இடத்தில் ஒரு சருவப் பாத்திரம், இழுத்து அடைக்க முடியாத கதவுக்கு ஒரு செங்கல், காரை உதிர்ந்த சுவருக்கு ஒரு அலமாரி. முதலில் அள்ளிவிட்டால் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று மழை வந்துதான் சொல்லும். நம் மாவட்டத்தில் மழை இரண்டு தடவை வரும்.

அதனால் எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையில் நின்று போனில் படம் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு சாமானாக எடுக்க, அது இருந்த இடத்தில் தரையிலோ சுவரிலோ சாக்பீஸால் ஒரு வட்டம். இந்த வட்டங்கள்தான் பிறகு வேலைப் பட்டியல் ஆயின.

கூரைக்கு அடியில் இருக்கிற மச்சில் ஏறியபோது அலுமினியச் சருவங்களும், பெயிண்ட் டப்பாக்களும், ஒரு குழந்தை குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் வரிசையில்லாமல் கிடந்தன. உள்ளே வெள்ளை வெள்ளையாக வளையம். தண்ணீர் நின்று வற்றி, நின்று வற்றிப் படிந்த கறை. ஒவ்வொன்றும் ஒரு ஒழுக்கு. ஆனால் சருவத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நம்பக்கூடாது. உள்ளே வந்த தண்ணீர் ஓடு உட்காருகிற பட்டியல் சட்டத்தில் இறங்கி, கழுக்கோலைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஆணியோ முடிச்சோ தட்டுகிற இடத்தில்தான் சொட்டும். சருவத்தில் இருந்து கழுக்கோலை மேல்நோக்கித் தடவிக்கொண்டே போனால் கறுத்த வரி ஒன்று தெரியும். அந்த வரி தொடங்குகிற இடம்தான் நமக்கு வேண்டியது. வரி மங்கிய இடங்களில் ஒருவர் மேலே, ஒருவர் மச்சில் நின்று ஹோஸ் வைத்துப் பார்த்தோம். கீழ் வரிசை ஓட்டில் தொடங்கி மேலே ஏறவேண்டும். மோட்டில், அதாவது கூரை உச்சியில் இருந்து ஊற்றினால் எல்லா வரிசையும் நனைந்து, எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உடைந்த ஓடு குறைவாகத்தான் இருந்தது. பெரும்பாலான ஒழுக்கு நல்ல ஓடுகளுக்கு நடுவிலே. ஓடு மாற்ற வந்த அண்ணன் இரண்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். மங்களூர் ஓட்டின் அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகி இருக்கும். இந்தப் பாணி ஓட்டை 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு கேரளக் கரை முழுக்க ஓட்டுக் கம்பெனிகள் வந்தன. எல்லாம் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் பள்ளமும் மேடும் கம்பெனிக்குக் கம்பெனி நூலளவு மாறும். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு முழுசாக உட்காராது. தூறலுக்குத் தாங்கும். காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு அந்த இடுக்கு போதும்.

"ஓகிக்குப் பொறவு கெடச்சத வச்சு மேஞ்சிருக்கு" என்றார் அவர். 2017 நவம்பர் 30 ஓகிப் புயல் காற்றை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்ததோடு ஓடுகளும் பறந்தன. அப்போது ஓட்டுக்கு இருந்த கிராக்கியில் எது கையில் அகப்பட்டதோ அதை வைத்து அடைத்திருக்கிறார்கள். அவரவர் நிலைமை அப்படி.

செய்த வேலை இதுதான். முன்பக்கச் சரிவு முழுவதையும் இறக்கி, கம்பெனிவாரியாகக் குவித்தோம். அதிகம் இருந்த ஒரு கம்பெனி ஓட்டை வீட்டின் மேலும், மிச்சத்தை விறகுப்புரையின் மேலும் மேய்ந்தோம். குறைந்ததற்கு, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடுகிற வீடுகளில் கேட்டோம். அடியில் இருந்த பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போனதால் வீண் அலைச்சல் இல்லை. பழைய ஓட்டை வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் எடுக்கலாம். சத்தம் அடங்கிப்போனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது.

மோட்டு ஓட்டின் கலவை முழுக்க வெடித்துப்போயிருந்தது. யாரோ தனிச் சிமெண்டில் பூசியிருக்கிறார்கள். ஓடு வெயிலில் விரிந்து சுருங்கும், சிமெண்ட் அதற்கு வளைந்து கொடுக்காது. உதிர்த்துவிட்டு சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கணக்கில் பூசினோம். பெரிய வீட்டுக் கூரையும் அடுக்களைக் கூரையும் சேருகிற மூலையில் ஒரு தகரப் பாத்தி உண்டு. அதில் சருகு, தென்னஞ்சல்லி, எலிக்கூடு, எல்லாவற்றுக்கும் அடியில் துரு. குழந்தைத் தொட்டி எதற்கு மச்சில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அலுமினியத் தகட்டில் புதுப் பாத்தி போட்டோம், இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் அரையடி உள்ளே போகிற மாதிரி. ஈரக் கலவை பட்டால் அலுமினியம் அரிக்கும், அதனால் அந்த இடத்தில் பூச்சு வேண்டாம்.

ஓட்டின் மேல் நடப்பவர்கள் ஓட்டின் நடுவில் கால் வைக்கக்கூடாது. இரண்டு ஓடு ஏறி அமர்கிற இடம், அதாவது அடியில் பட்டியல் இருக்கிற இடத்தில்தான் பாரம் போகவேண்டும். பலகை போட்டு நடந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் மாசி, பங்குனிக்குள் முடித்துக்கொள்கிற வேலை. சித்திரையில் இடியோடு கோடைமழை வந்துவிடும்.

கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போகிற சந்து இருக்கும். எலி வருகிறது, தூசி வருகிறது என்று அதைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்வார்கள். அடைக்காதீர்கள். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் மர அழிகள் (இடைவெளி விட்ட மரச் சட்டங்கள்) வழியாகக் காற்று எப்படி ஓடுகிறது என்று நின்று பார்த்தாலே புரியும். நனைந்த தடி காய்வது அந்தக் காற்றில்தான். எலிக்கு நெருக்கமான கம்பிவலை போதும்.

அடுத்தது வடக்குச் சுவர். அதில் சாய்த்து ரப்பர் தடியில் செய்த ஒரு பெரிய அலமாரி, நிறையப் பழைய துணி. அலமாரியை நகர்த்தினால் பின்னால் இடுப்பு உயரத்துக்குக் காரை இல்லை. இருந்த இடத்தில் சிமெண்ட் ஒட்டு, அதன் ஓரத்தில் எல்லாம் வெள்ளை உப்பு பூத்திருக்கிறது. அலமாரியின் முதுகு முழுக்கக் கரையான் புற்று.

பார்த்தவர்கள் எல்லாரும் ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஏறும் ஈரத்துக்கு ஒரு பெயிண்ட் பெயர் சொன்னார்கள். பெயிண்ட் கடைக்குப் போகும் முன் சுவரின் மறுபக்கத்துக்குப் போனேன். அங்கே பழைய ஓடு, விறகு, மட்டை, சிரட்டை என்று சன்னல் உயரத்துக்குக் குவியல். குவியலை எடுத்தால் அடியில் மக்கி மண்ணாகிப்போன இன்னொரு குவியல். வெளித்தரை வீட்டின் உள்தரையைவிட உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் முழுக்கச் சுவரைச் சாய்ந்து நிற்கிறது. எந்தப் பெயிண்ட் இதைத் தடுக்கும்?

குவியலை எடுக்கும்போது கம்பியால் தட்டி, கொஞ்ச நேரம் விட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கைக்கு உறை, காலுக்குப் பூட்ஸ். எங்களுக்குப் பாம்புச் சட்டை ஒன்றும் தேள்களும் கிடைத்தன. சட்டைக்குச் சொந்தக்காரரைப் பார்க்கவில்லை, பார்க்க ஆசையும் இல்லை.

மண்ணை வெட்டி, அஸ்திவாரக் கல் தெரிகிற அளவுக்கு இறக்கி, வீட்டை விட்டு வெளியே சரிகிற மாதிரி தரையைச் சரிசெய்தோம். உள்ளே சிமெண்ட் ஒட்டைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சின் ஓரத்துக்கு ஏறும், கூடவே உப்பும் ஏறும். பூச்சு உயர உயர ஓதமும் உயரும். வெறும் சுவராக அந்தக் கோடை முழுக்கக் காயவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "ஏன் இப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

பூச்சுக்கு நீற்றாத சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் தண்ணீரில் போட்டு நீற்றினோம். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடவேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் எத்தனை வாரம் கிடக்கிறதோ அத்தனை நயம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கொத்தனார் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்தார். கருப்பட்டிக்கு நம்மூரில் பஞ்சமா? கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், உப்பை நாமே கொண்டுவந்து சுவரில் வைப்பதாகும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசவில்லை. சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை எடுத்துத்தான் மெல்ல இறுகும், அதனால் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு அவசரமாகக் காயாமல் பார்த்துக்கொண்டோம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயிண்ட் இல்லை.

கரையான் விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை. புற்றுக் குழாயை நடுவில் விரலளவு உடைத்து வைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எங்கள் சுவரில் அடைத்திருந்தது. ரப்பர்த் தடி அலமாரி முழுக்கத் தீர்ந்துவிட்டது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆஞ்சிலி நிலையில் தோல் சுரண்டியதோடு சரி. அதற்குத்தான் அந்தக் காலத்தில் ஆஞ்சிலி. மருந்தடிக்க வந்தவரிடம் கிணறு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டி, அந்தப் பக்கம் துளை போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிப்பக்கத்துத் தடிக்கும் கழுக்கோலின் நுனிக்கும் அண்டி எண்ணெய். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருந்து எடுக்கிற கறுத்த எண்ணெய் இது. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைகள் இருக்கிற மாவட்டத்தில் கிடைக்காமல் போகாது. கையில் பட்டால் தோல் பொள்ளும், ரப்பர் உறை கட்டாயம். வாடை சில நாள் நிற்கும்.

கதவு வேலையில் ஆசாரியிடம் வாக்குவாதமே நடந்தது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கிற கதவு தரையில் உரசியது. அந்த அம்மா அதைப் பாதி திறந்த நிலையிலேயே ஒரு செங்கல் வைத்து நிறுத்தியிருந்தார். ஐப்பசி மழை நேரம், கீழ்ப்பக்கத்தைச் சீவிவிடுங்கள் என்றேன்.

"சீவப்பிடாது மக்களே. இப்பம் மழைல ஊதி நிக்கி. இப்ப சீவினா பங்குனில எலி பூரும். இதுக்கு நோவு கதவுல இல்ல, குடுமில."

கீல் இல்லாத குடுமிக் கதவு அது. மேலும் கீழும் துருத்திய குடுமி குழியில் உட்கார்ந்து சுழலும். கீழ்க்குழி தேய்ந்து பள்ளமாகிக் கதவு இறங்கிவிட்டது. அவர் பாரையால் நெம்பிக் கதவைத் தூக்கி, குழியில் ஒரு பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டு இறக்கினார். உரசல் போயிற்று. ஒரு சீவலும் விழவில்லை.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவரில் காலண்டர் மேல் காலண்டராகப் பல வருஷத்துக் காலண்டர்கள் ஒரே ஆணியில். அடியில் கருகிய சுவிட்ச் பலகை. மரப்பட்டையில் ஓடும் பழைய வயர், பீங்கான் பியூஸ், எர்த் கம்பி இல்லவே இல்லை. இதில் ஒட்டுவேலைக்கு இடமில்லை, முழுக்க மாற்றியாயிற்று. லைட்டுக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை, ஹீட்டருக்கு நாலு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். புது எர்த் குழி. கரண்ட் அளவு மீறினால் அணைகிற எம்சிபி வயரைக் காப்பாற்றும், கரண்ட் கசிந்தால் அணைகிற ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பாற்றும். 30 மில்லி ஆம்பியர் போடச் சொல்லி நின்று பார்த்து வாங்குங்கள். ஓட்டுக்கூரைக்கும் தென்னைக்கும் நடுவில் ஈரத்தில் வாழ்கிற நமக்கு இதில் மிச்சம் பிடிப்பது வேண்டாத வேலை.

கிணற்றின் மேல் பலகை, பலகை மேல் ரப்பர் ஷீட் அடிக்கிற துருப்பிடித்த உருளை, உடைந்த சைக்கிள். யாரும் விழுந்துவிடக்கூடாது என்று வைத்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது. முதலில் சுவரைக் கட்டினோம், பிறகுதான் பலகையை எடுத்தோம். தூர் வார ஆள் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம்மூர் வழக்கம். அணைந்தால் இறங்கவே கூடாது. அணையவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் இல்லை, விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியலாம். இறங்குகிறவர் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் வேண்டும். டீசல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது.

தூர் வாரியபின் பிளீச்சிங் பவுடர். அள்ளிக் கொட்டுவார்கள், அது வேண்டாம். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம்தான். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கவேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் தொடவேண்டாம், ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பது வசதி. பாக்கெட் பிரித்துப் பல மாதம் ஆன பவுடருக்கு வீரியம் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகுதான் சாமானை என்ன செய்வது என்ற கேள்வியே. இரும்பும் அலுமினியமும் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போயின. பெயர் அழிந்த பூச்சிமருந்துப் பாட்டில்களைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாமல், மூடியோடு தனிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். டியூப் லைட்டுகளும் தனியே, உடைத்தால் பாதரசம். துணி, மெத்தை, கரையான் தின்ற அலமாரி எல்லாம் போயாயிற்று, ஒரு வருத்தமும் இல்லை.

தகரப் பெட்டி ஒன்றில் மலையாளத்தில் எழுதிய ஆதாரங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிதானே. ஒன்றில் கொல்லம் ஆண்டு 1112 என்று இருந்தது, 1936, 37 வாக்கு. எங்கள் பத்திரத்துக்கு மூலம் அது. பழைய வீடு வாங்குகிறவர்கள் காகிதத்தை மட்டும் குப்பையோடு தள்ளாதீர்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது கிணற்றுக்குப் போகும் நடைபாதை எங்கள் பக்கம்தான் என்ற வரி கிடைத்தது. குடும்பக் கடிதங்களை விற்றவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

சாய்ப்பில் பனையேறிச் சாமான்கள் இருந்தன. மிருக்குத்தடி, காலில் மாட்டி ஏறுகிற தளைநார், பாளை அரிவாள், அதை வைக்கிற பெட்டி. அரிவாள் துருவேறவில்லை, யாரோ எண்ணெய் தடவியே வைத்திருக்கிறார்கள். இன்றும் பனை ஏறுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அவரிடம் கொடுத்தேன். தளைநாரை ஒதுக்கிவிட்டார். "இது காஞ்சு போச்சு, இத நம்பி ஏறப்பிடாது." காலித் தேன்பெட்டிகளை மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர் எடுத்துக்கொண்டார். அந்தச் சாய்ப்பின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அது இன்னும் அப்படியே நிற்கிறது. உடைத்தாலோ உலர்ந்தபடி துளை போட்டாலோ தூசி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சம்மதிக்கிற ஆள் கிடைக்கும்வரை தொடுவதாக இல்லை.

கடைசியில் மிஞ்சியது பத்தாயம், நெல் வைக்கிற மரப்பெட்டி. ஆள் உயரம், எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகாது. உள்ளே வைத்தே மூட்டிய பெட்டி. ஆப்பைத் தட்டிப் பிரித்தால் பலகை பலகையாகக் கொண்டுபோகலாம் என்று ஆசாரி சொன்னார், வாங்கவும் ஒருவர் தயார். அதைக் கொஞ்சம் நகர்த்தி அடியில் பார்த்தோம். தரை காய்ந்து கிடக்கிறது, சுவரில் ஓதம் இல்லை, மேலே கழுக்கோலில் ஒரு கறுத்த வரிகூட இல்லை. நெல் வைக்கிற பெட்டியை வீட்டிலேயே நல்ல மூலையில்தானே வைப்பார்கள். வயரிங் பலகையை அந்தச் சுவரிலேயே ஏற்றச் சொன்னேன், புத்தக அலமாரியும் அங்கேதான். பத்தாயம் விற்பனைக்கில்லை. போர்வை, தலையணை எல்லாம் அதற்குள் போய்விட்டன. மூடியில் ஒரு கீல் மட்டும் உடைந்திருக்கிறது. திங்கள்சந்தையில் அந்த அளவுக்குப் பித்தளைக் கீல் கிடைக்கவில்லை, அடுத்து கோட்டாறில் கேட்கவேண்டும்.